பெயரைத் திருத்துவது பற்றி ராகவனுக்கு

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து நீ மறுபடியும் படிக்க ஆரம்பித்துவிட்டாய் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். என் மூட்டுவலி வழக்கம்போல வருவதும் போவதுமாக இருக்கிறது. அதை எழுதி உன்னைச் சலிக்க வைக்க வேண்டாம். நீ கேட்டிருக்கும் விஷயத்துக்கே வருகிறேன். கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

உன் பேத்தி வயலின் வகுப்பு நிகழ்ச்சியில் 'ஹ்யூமரெஸ்க்' வாசிக்க எழுந்தாள். "இதை இயற்றியவர் துவோராக்" என்று அறிவித்தாள். நீ முதல் வரிசையில் உட்கார்ந்தபடியே "ட்வொர்ஷாக்" என்று உரக்கத் திருத்தினாய். குழந்தையின் முகம் சுண்டிப்போய், முதல் வரி முழுவதும் வில் நடுங்கியிருக்கிறது. உன் மகள் இன்னும் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பெயரைச் சரியாகச் சொல்லச் சொன்னது ஒரு குற்றமா?" என்று கேட்கிறாய்.

குற்றமில்லை. ஆனால் சொன்ன இடமும் நேரமும் தவறு. இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? அதே சமயம், "பெயரில் என்ன இருக்கிறது, விடுங்கள் அப்பா" என்று உன் மகள் சொன்னாள் அல்லவா, அதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ட்வொர்ஷாக் என்ற இந்தச் செக் இசையமைப்பாளர் விஷயத்தில் பெயரில் நிறையவே இருக்கிறது.

அவர் 1841-இல், இன்றைய செக் நாட்டில் உள்ள போஹீமியாவில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா இறைச்சிக்கடையும் விடுதியும் நடத்தியவர். நாடு ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது. மேலே போக வேண்டுமென்றால் ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும். பல வருடங்கள் நாடக அரங்க இசைக்குழுவில் வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி) வாசித்துக் காலம் தள்ளியவரை, 1877-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் தம் பதிப்பாளரான பெர்லின் ஸிம்ராக்கிடம் பரிந்துரைத்தார். மறு வருடமே 'ஸ்லாவோனிய நடனங்கள்' வெளிவந்தது, ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. ஆனால் ஸிம்ராக் அவருடைய முதற்பெயரை 'அன்டோன்' என்று ஜெர்மன் முறையில்தான் அச்சிட்டார். செக் மொழியில் அது 'அன்டொனீன்'. பெரிய பதிப்பாளர், பணம் தருகிறவர், புகழைத் தேடித் தந்தவர். வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இவர் விடவில்லை. தலைப்புகளும் பெயரும் செக் மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கலைஞனுக்கும் ஒரு தாய்நாடு உண்டு, அதன்மேல் அவனுக்கு உறுதியான நம்பிக்கை இருக்க வேண்டும் என்ற பொருளில் 1885-இல் ஸிம்ராக்குக்கே எழுதினார். கடைசியில் எந்த மொழிக்கும் சேராத 'அன்ட்.' என்ற சுருக்கத்தில் வந்து சமாதானமானார்கள். அச்சில் உள்ள இரண்டு மூன்று எழுத்துக்காக இவ்வளவு போராடியவரின் பெயரை நாம் வாய்க்கு வந்தபடி சொல்லலாமா? உன் ஆதங்கத்தின் நியாயம் இதுதான். அதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையும் எழுதிவிடுகிறேன். முதலில் 'ட்', 'வ்' இரண்டும் ஒட்டி வர வேண்டும். நாம்தான் நடுவில் ஓர் உகரத்தை நுழைத்து 'துவோ' ஆக்கிவிடுகிறோம். அழுத்தம் முதல் அசையில், ஆனால் ஒகரம் குறில். நீள வேண்டியது இரண்டாவது அசையின் ஆகாரம். நடுவில் கொக்கி போட்ட 'ஆர்' (ř) இருக்கிறதே, அதுதான் கடினம். றகரத்துக்கு நாக்கு நுனி அதிர்வதுபோல் அதிர வேண்டும், அதே நொடியில் பற்களுக்கிடையே காற்று உரசி, குரலோடு கூடிய ஷகரம் போல் ஒலிக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, சேர்ந்தாற்போல. செக் குழந்தைகளே கடைசியாகக் கற்றுக்கொள்ளும் ஒலிகளில் இது ஒன்று. இதற்காகப் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறவர்களும் அங்கே உண்டு. ஆகவே 'ட்வொர்ஷாக்' வரைக்கும் வந்தால் போதும். அதற்கு மேல் வராததற்கு யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்றையும் யோசித்துப் பார். தட்டச்சு விசைப்பலகையில் அதே பெயரில் ஓர் அமைப்பு உண்டு, 1936-இல் காப்புரிமை பெற்றது. அதை உருவாக்கிய ஆகஸ்ட் ட்வொராக் அமெரிக்கர். எழுத்தில் பார்த்தால் அதே குடும்பப்பெயர்தான், ஆனால் அது 'ட்வொராக்' என்றே வழங்குகிறது. அங்கே போய் "ட்வொர்ஷாக் என்று சொல்" என்று திருத்தினால் நாம்தான் தவறு. இசையமைப்பாளர் ஹேண்டல் கதையும் இப்படித்தான். ஜெர்மனியில் பிறந்து, லண்டனில் குடியேறி, 1727-இல் பிரிட்டிஷ் குடிமகன் ஆனவர். பெயரில் 'a' எழுத்தின் மேலிருந்த இரட்டைப் புள்ளியை அவரே விட்டுவிட்டு ஆங்கில முறையில் கையெழுத்திட்டார். அவரே விட்டதை நாம் ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்? பியானோ இசையமைப்பாளர் ஷோப்பான் போலந்தில் பிறந்தாலும் அப்பா பிரெஞ்சுக்காரர், குடும்பப்பெயரும் பிரெஞ்சு. அவரைச் 'சோபின்' என்று அச்சிடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. பெயருக்கு உரியவர் எப்படி வைத்துக்கொண்டாரோ அதுதான் அளவுகோல். அகராதி அதற்கு அப்புறம்தான்.

வெளிநாட்டுப் பெயர்களைவிட என்னை அதிகம் உறுத்துவது நம்மவர்கள் சொல்லும் 'இலையராஜா'. ஏற்கெனவே பாடகர் ஏ. எம். ராஜா இருந்ததால், வேறுபடுத்துவதற்காகத் திரைப்படத் தயாரிப்பாளர் பஞ்சு அருணாசலம் 1976-இல் முன்னால் 'இளைய' சேர்த்தார். ளகரத்தை விட்டால் பெயர் வந்த காரணமே போய்விடுகிறது. இந்திக்காரர் ஒருவர் தடுமாறினால் நான் பொருட்படுத்த மாட்டேன், அவர் பேசும் இந்தியில் அந்த ஒலி கிடையாது. மராத்தியில் ளகரம் உண்டு, மராத்திக்காரரிடம் ஒரு முறை சொன்னால் பிடித்துக்கொள்வார். ஆனால் பிறந்ததிலிருந்து 'வெள்ளம்', 'பள்ளம்' என்று சொல்லி வளர்ந்தவர், ஒலிபெருக்கி முன் நின்று ஊருக்கே கேட்கும்படி லகரத்தில் சொன்னால் என்ன செய்வது? நிகழ்ச்சி முடிந்ததும் அவரைத் தனியே பார்த்துச் சொல்லியே தீர வேண்டும் என்பது என் கட்சி. நாக்கில் இருக்கும் ஒலியைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு அக்கறையின்மை தவிர வேறு பெயர் இல்லை.

இப்போது நீ செய்ததைப் பார். உன் பேத்தி அறிவிப்பாளர் அல்ல. அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் சொன்னாள். சுசுகி வயலின் பாடநூலின் 3-ஆம் தொகுதியில் 'ஹ்யூமரெஸ்க்' இருக்கிறது, எத்தனையோ குழந்தைகள் இந்தப் பெயரை முதலில் பார்ப்பதே அங்கேதான். அச்சில் பார்த்ததை அப்படியே வாசிக்கிறார்கள். அவர்களுக்கு வாய்திறந்து சொல்லித்தர வேண்டியது ஆசிரியர். நீ பேச வேண்டிய ஆள் அவர், அதுவும் தனியாக, மரியாதையோடு. வில்லைத் தோளருகே தூக்கி நிற்கும் குழந்தையிடம் அல்ல. அந்த நேரத்தில் அவள் நாக்குக்குத் தேவைப்பட்டதைவிட அவள் கைக்குத் தைரியம்தான் அதிகம் தேவைப்பட்டது.

முதலில் பேத்தியிடம் போய், வாசிப்பு எப்படி இருந்தது என்று சொல். நடுவில் சுருதி மாறி வரும் அந்த உருக்கமான பகுதியை நன்றாக நிறுத்தி வாசித்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அவளிடம் அதைச் சொன்னாயா? உன் கடிதத்தைப் பார்த்தால் சொன்னதாகத் தெரியவில்லை. இன்றே சொல். பெயர்க் கதையை அப்புறம் ஒரு நாள், பதிப்பாளரோடு சண்டை போட்ட மனிதரின் கதையாகச் சொல். குழந்தைகளுக்குச் சண்டைக் கதை பிடிக்கும், பெயர் தானாக வாயில் நிற்கும். 1893-இல் நியூயார்க்கில் அரங்கேறிய அவருடைய ஒன்பதாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதியையும் அவளுக்குப் போட்டுக் காட்டு. அதில் கோர் ஆங்கிலே என்ற குழல் கருவி வாசிக்கும் மெட்டைக் கேட்டால், அவளே வயலினில் தேடிப் பார்ப்பாள்.

ஆசிரியரிடம் பேசும்போது அடுத்த நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுக்கும் முன் உன்னிடம் காட்டச் சொல். கண்தான் சரியாகிவிட்டதே, மெய்ப்பு பார்க்க உன்னைவிடப் பொருத்தமான ஆள் அவருக்குக் கிடைக்கமாட்டார். மகளிடம் பேசியதும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
சண்முகம்