கருயிசாவா போகும் தம்பிக்கு: வழியில் யோகோகாவாவில் இறங்கு

அன்புள்ள கார்த்தி,

வார இறுதியில் டோக்கியோவிலிருந்து கருயிசாவா போகிறேன் என்று எழுதியிருந்தாய். ஷின்கான்சென் (புல்லட் ரயில்) டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் தகாசாகி வரைக்கும் மட்டும் போடு. வழியில் நீ பார்க்க வேண்டிய ஒரு பழைய மலை எஞ்சின் இருக்கிறது. அங்கே இறங்கி லோக்கல் ரயில் பிடித்தால் யோகோகாவாவில் கொண்டுபோய் விடும். அதற்கு மேல் ரயில் கிடையாது. கருயிசாவா அங்கிருந்து வெறும் 11.2 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் உசுயி கணவாய் நிற்கிறது.

முன்பு அந்தக் கணவாய் வழியாக ஓடிய ரயில்பாதையில் 15 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறியாக வேண்டும். ஜப்பானின் முக்கிய ரயில்பாதைகளில் இவ்வளவு செங்குத்து வேறெங்கும் இருந்ததில்லை. 1893-ல் முதலில் பாதை போட்டபோது நடுவில் பல் வைத்த தண்டவாளம் பதித்து, பல்சக்கரத்தால் பிடித்துப் பிடித்து ஏறினார்கள். ஆப்ட் முறை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நாம் ஏறினோமே, அதே ஏற்பாடுதான். அங்கே 26 சுரங்கங்கள். புகையில் எஞ்சின்காரர்கள் மூச்சுத் திணறியதால், 1912-லேயே மின்சாரம் கொண்டுவந்துவிட்டார்கள்.

1963-ல் பல்சக்கரத்தையே விட்டுவிட்டு, சாதாரணச் சக்கரத்தை நம்பி புதுப் பாதை போட்டார்கள். அதற்காகவே செய்த எஞ்சின்தான் இ.எஃப்.63. ஒவ்வொன்றும் 108 டன் எடை, ஆறு மோட்டார்கள், 2,550 கிலோவாட். 1962 முதல் 1976 வரை மொத்தம் 25 எஞ்சின்கள். நம்ம ஊர் ரயில்வேக்காரர்கள் பேங்கர் என்பார்களே, அந்த வேலைதான். எந்த ரயில் வந்தாலும் இரண்டு எஞ்சின்கள் ஜோடியாக யோகோகாவா பக்கம், அதாவது பள்ளத்துப் பக்கம், போய் மாட்டிக்கொள்ளும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று முட்டுக்கொடுக்கும். பிழைப்பெல்லாம் அந்த 11 கிலோமீட்டருக்குள்தான்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏற்றத்தைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அந்த எஞ்சினின் அருமை இறக்கத்தில்தான் தெரியும். புதுப் பாதையில் ஏற 17 நிமிடம், இறங்க 24 நிமிடம்! பயணிகள் ரயில் மணிக்கு 38 கிலோமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது, சரக்கு ரயிலுக்கு இன்னும் குறைவு. மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, வருகிற மின்சாரத்தை ரெசிஸ்டர்களில் சூடாக்கிக் கொட்டியபடி இறங்க வேண்டும். அது போதாதென்று, நிற்கும்போது நழுவாமலிருக்க காந்தத்தால் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும் பிரேக் தனியாக உண்டு.

இத்தனையும் இருந்தும் 1975 அக்டோபரில் ஒரு நாள், பெட்டியே இல்லாமல் நான்கு எஞ்சின்கள் சேர்ந்து இறங்கும்போது வேகம் கைமீறிப் போய்க் கவிழ்ந்தன. அவற்றில் இரண்டு இ.எஃப்.63. நான்கையும் மீட்க வழியில்லாமல் கழித்துக்கட்டினார்கள். அந்த இரண்டுக்குப் பதிலாக 1976-ல் வந்தவைதான் 24, 25 எண் எஞ்சின்கள். இந்த எண்களை ஞாபகம் வைத்துக்கொள்.

இன்னொன்று கேள். 'அசாமா' எக்ஸ்பிரஸ் போன்ற மின்தொடர்கள் (தனி எஞ்சின் இல்லாமல் பெட்டிகளிலேயே மோட்டார் வைத்த ரயில்கள்) ஏறும்போது, தொடரின் மோட்டார்களும் சேர்ந்தே இழுக்கும். ஆனால் அவற்றையும் ஓட்டியது பின்னால் இருந்த இ.எஃப்.63 டிரைவர். முன்னால் உட்கார்ந்திருப்பவர் சிக்னலைப் பார்த்துச் சொல்வார், பின்னால் இருப்பவர் எதையும் பார்க்காமல் ஓட்டுவார். எனக்கு இதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். கிளம்பும் முன் பெட்டிகளின் காற்று ஸ்பிரிங்கில் காற்றை இறக்கிவிடுவார்கள். தள்ளும் அழுத்தத்தில் பெட்டி தூக்கிக்கொண்டு தடம்புரளாமல் இருக்க. இந்த மலைக்குத் தகுந்த பெட்டி என்பதற்கு எண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன வட்டப் புள்ளி. பழைய பெட்டி எதையாவது பார்த்தால் தேடிப் பார்.

எஞ்சின் மாட்ட, கழற்ற ஒவ்வொரு ரயிலும் யோகோகாவாவில் சில நிமிடம் நின்றாக வேண்டும். அந்தச் சில நிமிடத்தை நம்பிப் பிறந்ததுதான் 1958 முதல் விற்கும் 'தோகே நோ காமாமேஷி': மாஷிகோ மண்சட்டியில் சூடாகச் சோறு, கோழி, காளான், காடை முட்டை. ரயில் கிளம்பும்போது விற்பவர்கள் பிளாட்பாரத்தில் வரிசையாக நின்று குனிந்து வணங்குவார்களாம்.

1997 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது. மறுநாள் நாகானோ ஷின்கான்சென் ஓட ஆரம்பித்தது, மலைப்பாதையை மூடிவிட்டார்கள். பயண நேரத்தை மிச்சப்படுத்தினால் சரி, ஒரு ஊரின் தண்டவாளத்தையே முடித்துவைப்பது என்ன கணக்கோ, எனக்கு இன்னும் ஒப்பவில்லை. வேறு பாதையில் ஓட்டலாம் என்றால் இந்த எஞ்சினுக்கு அங்கே வேலையே இல்லை. மலைக்காகவே செய்ததாயிற்றே.

பழைய எஞ்சின் ஷெட் இருந்த இடம் இப்போது ரயில்வே பூங்கா, ஸ்டேஷனுக்கு அடுத்தாற்போலவே. அங்கே இ.எஃப்.63-ஐ நீயே ஓட்டலாம். நிஜ எஞ்சின், நிஜ மின்சாரம், பழைய மெயின் லைனிலேயே சில நூறு மீட்டர். ஆனால் நினைத்த உடனே ஏறி உட்கார முடியாது. முதலில் ஒரு நாள் பாடம் கேட்டுப் பரீட்சை எழுத வேண்டும், ஜப்பானிய மொழியில். உனக்கு அது கஷ்டமில்லை, அடுத்த தடவைக்குப் பதிவு செய்துகொள். 24, 25 இரண்டும் ஓட்டக் கொடுப்பவற்றில் உண்டு. முடிந்தால் அவற்றில் ஒன்றைக் கேள்.

இந்த வாரம் பூங்காவைச் சுற்றிவிட்டு மேலே போக ஜே.ஆர். பஸ் இருக்கிறது. அடிக்கடி வராது, நேரம் பார்த்து வை. காமாமேஷி வாங்க மறந்துவிடாதே. சட்டியைத் தூக்கிப் போடாமல் எனக்குக் கொண்டு வா.

அன்புடன்,
அக்கா