எதிர்வீட்டுக்காரரின் பெட்டி

டொலீடோ, ஒஹாயோ
18.5.2025

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் 'சாப்பிட்டாயா' என்பதிலேயே நேரம் போய்விடுகிறது.

குளிர் குறைந்துவிட்டது. ஏப்ரலில்கூட காலையில் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டினேன். பருப்புப்பொடி இன்னும் கால் டப்பா இருக்கிறது.

எதிர்வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டொமினிகன் குடியரசுக்காரர், 33 வயது, பேஸ்பால் பந்துவீச்சாளர். இந்த ஊர் அணி மட் ஹென்ஸ், டெட்ராய்ட் நகரத்தின் பெரிய அணியான டைகர்ஸுக்கு ஒரு படி கீழே. முதலில் பந்து வீச இறங்கியவர் களைத்தபின், ஆட்டத்தின் பிற்பகுதியில், ஏழாவது எட்டாவது இன்னிங்ஸில் வந்து வீசுகிற ரிலீவர் இவர். அப்பா, இங்கே பந்து தரையில் குத்துவதில்லை. முழங்கையை மடக்கித்தான் வீசுகிறார்கள், நம் ஊரில் நோபால் கொடுத்துவிடுவார்கள்! 15, 20 பந்தில் இவர் வேலை முடிந்துவிடும். அதற்குள் நாலு பந்து தவறினால் ஆட்டமே போய்விடும். இது அவருக்கு ஏழாவது அணி. அதனால் பெட்டியைப் பிரிப்பதே இல்லை, வாசல் பக்கமாகவே நிற்கும்.

டெட்ராய்ட் ஒரு மணி நேரப் பயணம்தான். அங்கே குறைந்தபட்ச சம்பளமே வருஷத்துக்கு 7,60,000 டாலர், ஆனால் இருக்கிற நாளுக்கு மட்டும்தான் கணக்கு. மேல்மட்டத்தில் மொத்தம் 43 நாள் சேர்ந்தால் பென்ஷன் உண்டாம். அவருக்கு 31 நாள் ஆகியிருந்தது. காலண்டரில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்திருந்தார்.

அவர் நாட்டுக்காரர் ஒக்டேவியோ டோட்டெலும் ரிலீவர்தான். 15 சீசனில் 13 அணிக்கு ஆடியவர், கடைசி அணி டெட்ராய்ட். ஏப்ரல் 8ஆம் தேதி அவர்கள் நாட்டுத் தலைநகர் சாண்டோ டொமிங்கோவில் ஒரு நடன அரங்கின் கூரை இடிந்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள், டோட்டெலும் போய்விட்டார். அன்று இரவு எதிர்வீட்டுக்காரர் என் கதவைத் தட்டி, பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் ரசம் வைத்தேன். இரண்டு கிண்ணம் குடித்தார்.

மறுநாள் அவர் வாழைக்காய் கொண்டுவந்தார். துண்டு போட்டுப் பொரித்து, டம்ளர் அடியால் நசுக்கி, மறுபடியும் எண்ணெயில் போடுவார். அந்த வாசனை வந்ததும் அம்மா, நீங்கள் அடுப்படியில் நிற்பது போலவே இருந்தது. நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

இம்மாதம் நாலு நாள் மேலே கூப்பிட்டார்கள், 35 ஆனது. போன செவ்வாய்க்கிழமை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். மூன்று வாழைக்காய் என்னிடம் இருக்கிறது, கறுக்க ஆரம்பித்துவிட்டது. நான் தனியாக இருக்கிறேன் என்று கவலைப்படாதீர்கள், ஆபீசில் ஆட்கள் இருக்கிறார்கள். ஜூலையில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிடுவார்கள்.

சரி, கிணற்றுப் பங்கு விஷயம். சித்தப்பாவிடம் சண்டை வேண்டாம், நான் பேசுகிறேன். பத்திரத்தில் எதற்கும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். மஞ்சுவின் காலேஜ் பீஸ் 10ஆம் தேதிக்குள் வந்துவிடும். மற்ற பணம் இந்த மாதம் கொஞ்சம் தள்ளி வரும், பேங்கில் ஏதோ மாற்றம். அப்பா, பிரஷர் மாத்திரையை விடாதீர்கள். மழைக்கு முன்னால் மாட்டுக்கொட்டகை ஓடுகளை மாற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்
குமார்