பாலக் கணக்கும் பாகப்பிரிவினையும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தங்கள் கடிதம் வந்து நெடுநாளாகிவிட்டது. நெடுஞ்சாலைத் துறையில் காலமெல்லாம் பாலங்களோடு கழித்த தாங்கள், "அங்கே புதிதாக என்னதான் பார்க்கிறாய்?" என்று கேட்டிருந்ததற்கு ஒப்புக்கு இரண்டு வரி எழுத மனம் வரவில்லை.

நியூயார்க் மாநிலத்தில் இப்போது கடுங்குளிர். எனக்குப் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆறு உறைந்து கிடக்கிறது. அந்தப் பனிக்கட்டி உடைந்து பாளம் பாளமாக வந்து தூணில் மோதும் விசையும் எங்கள் பால வடிவமைப்புக் கணக்கில் உண்டு. இங்கே நாங்கள் பின்பற்றும் ஆஷ்டோ (அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) விதிநூல் 75 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கும் பாலத்துக்குச் சுமார் 1000 ஆண்டுக்கொருமுறை வரக்கூடிய நிலநடுக்கத்தையும், தூணடி மண்ணரிப்புக்கு 500 ஆண்டுக்கொருமுறை வரக்கூடிய வெள்ளத்தையும் சரிபார்க்கச் சொல்கிறது.

இவற்றைத் தனித்தனியே பார்ப்பது எளிது. சேர்த்துப் பார்க்கும்போதுதான் தலைவலி. நிலநடுக்கத்துக்குத் தளம் இலேசாகவும் தூண் முறியாமல் வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். கப்பல் மோதலுக்கோ தூண் பருத்துக் கனமாக நிற்க வேண்டும். பருத்த தூண் நீரோட்டத்தை மறித்துத் தன் காலடி மண்ணைத் தானே அதிகமாக அரிக்க வைக்கும். அரிப்பில் பைல்கள் (அடித்தளத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய கம்பங்கள்) வெளிப்பட்டால் பாலத்தின் விறைப்பு குறைகிறது. அதனால் நிலநடுக்க விசை சற்றுக் குறையலாம் என்றாலும், அசைவு கூடித் தளம், தூணின் மேல் அது உட்காரும் தாங்கியை விட்டு நழுவும் அபாயம் உண்டு. 2005ஆம் ஆண்டு கத்ரினா புயலில், பாஞ்சர்ட்ரெயின் ஏரியின் இரட்டைப் பாலத்தில் அலைகள் தளத்துண்டுகளையே தூக்கித் தள்ளின. உத்திரங்களுக்கிடையே சிக்கிய காற்றும் அதற்குத் துணைபோனது. தளத்தைத் தூணோடு இறுகப் பிணைத்தால் தீர்ந்தது என்பார்கள் சிலர். அப்படிப் பிணைத்தால் அந்தத் தூக்குவிசை முழுதும் தூண் வழியாகப் பைலுக்கு இறங்கும் என்பதை யார் பார்ப்பது? ஓர் அபாயத்துக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு நஞ்சாகாமல் பார்ப்பதுதான், அப்பா, என் வேலை.

இதே மாநிலத்தில் 1987 ஏப்ரலில், பைல் இல்லாத அடித்தளத்தின் கீழிருந்த மண்ணை வெள்ளம் அரித்ததால் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் அறிக்கையைப் படித்தபோது, வெள்ளம் வடிந்ததும் என்னைக் கரையில் நிறுத்திவிட்டுத் தூணடியில் கம்பு விட்டு ஆழம் பார்ப்பீர்களே, அந்த நினைவு வந்தது; உடனே கிளம்பி வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பேச்சுத் துணைக்குக் குறைவில்லை, அலுவலகத்தில் நாள் முழுதும் விவாதம்தான். விடுமுறை நாள்கள் மட்டும் சற்று நீளம். அப்போது ஆற்றங்கரைக்குப் போய்ப் பாலத்தடியைப் பார்த்துவிட்டு வருவேன்.

பணம் இம்மாதம் அனுப்ப இயலவில்லை; வங்கிக் கணக்கு மாற்றும் வேலை நடக்கிறது, அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். சித்தப்பா கேட்கும் பாகப்பிரிவினைக்கு எனக்கு மறுப்பில்லை, ஆனால் செல்வி அக்காவின் பங்கைத் தெளிவாக எழுதாமல் தாங்கள் கையெழுத்திட வேண்டாம். பத்திரத்தின் நகலை முதலில் எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்தபின் இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று, தங்கள் பெயருக்கே அதிகாரப் பத்திரம் அனுப்பிவிடுகிறேன். மாமா அவசரப்படுத்தினாலும் அதுவரை பொறுத்திருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்,
செந்தில்