பல்பை அணைக்கச் சொன்னவர்களுக்கு

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் இருக்கிற அன்புள்ளவர்களுக்கு வணக்கம்.

மார்கழி முழுக்க என் வீட்டு வாசலில் நின்று எங்கள் கோழியைப் பற்றி "சாம்பி எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். எல்லோருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேனா என்று நினைவில்லை. அப்போதெல்லாம் என் கை வெந்நீரிலோ சர்க்கரையிலோ இருந்தது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எந்தச் சிக்கல் வந்தாலும் ஒரு பல்பு மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிற புத்தி. கார்த்திகை தீபம் முடிந்து பனி இறங்கியதும் கோழிக்கூட்டில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். பொழுது சாயும்போது போட்டால் விடியும்வரை எரியும். கடலூர்க் குளிரெல்லாம் ஒரு குளிரா என்று ஊட்டிக்காரர்கள் சிரிக்கலாம். கெடிலக் கரையில் அதிகாலை 21 டிகிரிக்கு இறங்கினாலே எங்களுக்கு மஃப்ளர் வேண்டும். கோழி மட்டும் என்ன பாவம் செய்தது?

சாம்பி ஐந்து மாத விடைக்கோழி. வண்டியில் கொண்டுவந்து விற்றவரிடம் வாங்கிய கலப்பினம். பல்பு மாட்டிய மூன்றாவது வாரமே முட்டையிடத் தொடங்கிவிட்டாள். தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன், பலருக்கு நினைவிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பெரிய முட்டை ஒன்று இட்டாள். மளிகைக் கடைத் தராசில் 78 கிராம் காட்டியது. உடைத்தால் இரண்டு மஞ்சள் கரு. ஓட்டின் மேல் பேனாவால் கிழித்ததுபோல் ஒரு ரத்தக் கோடு இருந்தது. அதைத் துடைத்துவிட்டு ஆம்லெட் போட்டுத் தின்றோம்.

மறுநாள் மாலை கூட்டுப் பக்கம் ஒரே அமளி. மற்ற நான்கு கோழிகளும் சாம்பியைத் துரத்தித் துரத்திப் பின்பக்கம் கொத்திக்கொண்டிருந்தன. தூக்கிப் பார்த்தால், எச்சத் துவாரத்திலிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிவந்த சதை ஈரமாகப் பளபளத்துக்கொண்டு வெளியே நின்றது. அதில் தவிடும் மண்ணும் ஒட்டியிருந்தன, இரண்டு இடத்தில் ரத்தம். சிவப்பைக் கண்டால் கோழிக்கு உறவு முறை கிடையாது. இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தால் குடலையே உருவியிருக்கும்.

அந்த நேரம் தெருவழியே போன ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "குடல் தள்ளிவிட்டது, இனித் தேறாது, ராத்திரிக்கே குழம்பு வைத்துவிடுங்கள்" என்றார். அவருக்கும் நன்றி. அந்தக் குழம்பு என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் கைகட்டி நின்ற என் மனைவி எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

எதிர்வீட்டு அம்மா பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். "மனுஷிக்குப் பார்த்த கை, கோழிக்குப் பார்க்காதா?" என்று கேட்டுக்கொண்டே கையுறையோடு வந்துவிட்டார். அன்று இரவு அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாம்பியைத் துண்டில் சுற்றித் தலையை மூடினார். கண் மறைந்ததும் அவள் அடங்கிவிட்டாள். அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, முழங்கையில் விட்டுச் சூடு பார்த்து, சதையின் மேல் ஊற்றி ஊற்றியே அழுக்கைப் போக்கினார். தேய்க்கவே இல்லை. உள்ளே முட்டை சிக்கியிருக்கிறதா என்று வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தார். இல்லை. பிறகு சர்க்கரை கேட்டார். டீ போடத்தான் கேட்கிறார் என்று நினைத்து என் மனைவி பாலை அடுப்பில் வைத்தாள்!

அந்தச் சர்க்கரையில் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து வீக்கத்தின் மேல் அப்பினார். மாங்காயில் உப்புப் போட்டால் நீர் விட்டுச் சுருங்குகிறதல்லவா, அதே வித்தைதான். பத்து நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி, எலுமிச்சை நெல்லிக்காய் ஆனது. பக்கத்தில் நெல்லிக்குப்பத்தில் ஆலை வைத்துக்கொண்டு இத்தனை காலம் சர்க்கரையைக் காப்பிக்கு மட்டுமே செலவழித்திருக்கிறோம். கழுவி, வாசலின் தடவி, ஒரு விரலால் அவசரமில்லாமல் உள்ளே தள்ளி, அப்படியே ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை வெளியே வந்தது. மூன்றாவது முறை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் மறுபடியும் ஒரு முட்டை இட்டாள், மறுபடியும் தள்ளிவிட்டது. இந்த முறை நானே உள்ளே தள்ளினேன், என் கை நடுங்கியதற்கு எதிர்வீட்டு அம்மா சாட்சி. 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு கோழிக்கா என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சத்தில் விட்டுவிட்டேன். திங்கள் காலை கூடையில் வைத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அங்கே மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் ஒரு கோழியை வைத்துக்கொண்டு நின்ற என்னை அந்த டாக்டர் அம்மா சிரிக்காமல் உள்ளே கூப்பிட்டார். இந்த மடலில் பாதி அவருக்கே சேர வேண்டும்.

ஊசி போட்டார், மருந்து கொடுத்தார், மருந்து முடிந்தும் சில நாள் இவள் முட்டையை யாரும் சாப்பிட வேண்டாம் என்றார். இன்னொரு முறை தள்ளினால் சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டுவதுபோல் துவாரத்தைச் சுற்றி ஒரு தையல் போடவேண்டியிருக்கும், எச்சம் போக மட்டும் வழி விடுவோம் என்றார். முட்டையிடும்போது முட்டை வருகிற குழாயின் நுனி முட்டையோடு சேர்ந்து வெளியே புரண்டு வந்து, முட்டை எச்சத்தில் படாமல் விழுந்ததும் தானாக உள்ளே போய்விடுமாம். இத்தனை காலம் கோழி வளர்த்தும் எனக்கு அது தெரியாது. இளங்கோழி பெரிய முட்டை இட்டால் திரும்பிப் போகிற தெம்பு தசைக்கு இருப்பதில்லை.

பிறகு, "ராத்திரியில் விளக்கு எரிகிறதா?" என்று கேட்டார். விடியவிடிய எரிகிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

பண்ணைகளில் முட்டைக்காகவே ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறார்களாம். மார்கழியில் நம் ஊர்ப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். நானோ 24 மணி நேரமும் பகலாக்கி, உடம்பு முற்றாத குஞ்சைத் தாயாக்கியிருக்கிறேன். இனி எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சமே கூடாது, முட்டை நிற்கட்டும், புண் ஆறட்டும் என்றார். ஆனால் தினம் இரண்டு வேளை கழுவுகிற கோழி குளிரிலும் கிடக்கக் கூடாது. 41 டிகிரி உடம்பு அவளுக்கு, நனைந்த இறகோடு பனியில் விட்டால் அதுவே ஆளை முடித்துவிடும். சூடு வேண்டும், வெளிச்சம் வேண்டாம். 31 ஆண்டு அனுபவத்தில் இதற்குப் பதில் இல்லை.

பதில் வைத்திருந்தவர் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். "கரி மிச்சம் இருக்கிறது ஐயா, செங்கல் கொண்டுவாருங்கள்" என்றார். அன்று முதல் தினம் இரவு எட்டு மணிக்கு இரண்டு செங்கல் சுட்டுக் கொடுத்தார். அவற்றைக் கோணியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பஞ்சாரத்தின் ஓரத்தில் வைத்து, வைக்கோல் பரப்பி, மேலே கறுப்புப் போர்வை. சூடு அதிகமானால் அவள் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் விட்டேன். செங்கல் ஆறிப்போவது நாலரை மணிக்கு. அதே நேரம் பாடலீசுவரர் கோயில் பக்கம் பஜனைக்குப் போகிறவர்களுக்காக டீக்கடை திறந்துவிடும். மாஸ்டர் முதல் டீ போடும் முன்னால் எதிர்வீட்டு அம்மா கொடுத்திருந்த சுடுநீர்ப் பையை நிரப்பிக் கொடுப்பார். ஒரு நாளும் காசு வாங்கவில்லை. "பேஷன்ட் எழுந்துவிட்டார்களா?" என்று மட்டும் கேட்பார்.

பால்காரர் மாட்டுக்குக் கருப்பை தள்ளினால் பூசுகிற தொட்டாற்சிணுங்கி இலையை அரைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். டாக்டர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் தடவினேன். சுருக்கியது இலையா சர்க்கரையா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து வருகிற மீன்காரம்மா ஒரு படி கிளிஞ்சல் கொடுத்தார், இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் முட்டை நின்றது. தையல் தேவைப்படவே இல்லை. பொங்கலன்று மற்ற கோழிகளோடு சேர்த்து விட்டேன். பழைய கொண்டைக்காரி ஒருத்தி இரண்டு கொத்துக் கொத்திப் பார்த்தாள், சாம்பி திருப்பிக் கொத்தினாள். முட்டை தொடங்கும்போது மறுபடியும் வரக்கூடும் என்று டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பார்ப்பது இப்போது என் வேலை.

உங்கள் வீடுகளுக்கு ஆளுக்கு அரை டஜன் முட்டை அனுப்புவதுதான் முறை. முட்டையை நிறுத்தத்தான் இத்தனை பேரும் பாடுபட்டோம் என்பதால் அதற்கும் வழியில்லை. எதிர்வீட்டு அம்மாவின் சுடுநீர்ப் பையைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், ஞாயிறு காலை கொண்டுவந்து தருகிறேன். இஸ்திரிக்காரர் கேட்டால் அந்த 60 வாட் பல்பு அவர் வண்டிக்கு.

இப்படிக்கு,
சாம்பி வீட்டுக்காரன்