பாங்காக் வார இறுதிப் பயணத்தில் சொன்ன ஸ்பாவும் இல்லை, சொன்ன சாப்பாடும் இல்லை: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
நான்கு தோழிகள் சார்பில் முன்பதிவு செய்தவர்,
மயிலாப்பூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு,
தி.நகர் கிளை, சென்னை.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கிளையில் தலைக்கு ₹48,500 கட்டி, நாங்கள் நான்கு தோழிகள் கடந்த மாதம் பாங்காக் போய் வந்தோம். வெள்ளி நள்ளிரவு கிளம்பி, திங்கள் இரவு திரும்பும் பேக்கேஜ். ஊர் திரும்பியதும் உங்கள் அலுவலகத்துக்கு போன் செய்து குறைகளைச் சொன்னோம். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது, அடுத்த பயணத்தில் ₹2,000 கழித்துக்கொள்ள ஒரு கூப்பன். அது எங்களுக்கு வேண்டாம். எதைத் தருவதாக எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினீர்களோ அதைத் தரவில்லை என்பதுதான் எங்கள் புகார். போனில் சொன்னது காற்றோடு போய்விட்டதால் இப்போது எழுத்தில் தருகிறேன்.

எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. ஹோட்டல் சுத்தமாக இருந்தது. சொன்னபடியே ஸ்கைடிரெயின் நிலையம் நடக்கும் தூரத்தில் இருந்தது. வழிகாட்டியாக வந்த பெண் தங்கமானவர். திட்டத்தில் இல்லாத சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டபோது முகம் சுளிக்காமல் கூட்டிப் போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில் அது. இன்றைக்குத் தாய்லாந்துக்காரர்களே மாலையும் பழத்தட்டுமாக வந்து கும்பிடுகிறார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. இந்தப் புகாரைக் காரணம் காட்டி அந்தப் பெண்ணின் வேலையில் கை வைத்துவிடாதீர்கள். நீங்கள் கொடுத்த தாளில் என்ன இருந்ததோ அதைத்தான் அவர் செய்தார். கோளாறு அந்தத் தாளில்தான்.

முதலில் ஸ்பா. நாங்கள் நால்வரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு முட்டி வலி. இன்னொருவர் ஆசிரியை, நாள் முழுக்க நின்றபடி வேலை. இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததே உடம்பைக் கொஞ்சம் பிடித்துவிட்டு வரலாம் என்றுதான். உங்கள் விளம்பரத் தாளில், 'யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற நுவாட் தாய் பாரம்பரிய மசாஜ், மூலிகை ஒத்தடத்துடன், 120 நிமிடம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. 2019-இல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது உண்மைதான். அதற்கென்று ரசீதில் தலைக்கு ₹4,800 தனியாகவும் போட்டிருக்கிறீர்கள்.

சனிக்கிழமை மாலை எங்களைக் கொண்டுபோய் விட்ட இடம் ஒரு நீளக் கூடம். கட்டிலுக்குக் கட்டில் நடுவே துணித் திரை. அடுத்த திரைக்குப் பின்னால் ஒருவர் வீடியோ அழைப்பில் வீட்டுச் சாமான் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு வரி விடாமல் காதில் விழுந்தது. எங்களுக்குச் செய்தது எண்ணெய் மசாஜ். முக்கால் மணி நேரத்தில் எங்கோ அலாரம் அடித்தது, துண்டைக் கொடுத்து எழுப்பிவிட்டார்கள். மூலிகை ஒத்தடம் எங்கே என்று சைகையில் கேட்டோம். ஆறிப்போன துணிப்பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து தோளில் இரண்டு தரம் ஒற்றிவிட்டு வைத்துவிட்டார்கள்.

இவர்கள்தான் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து வரவேற்பில் சத்தம் போட்டோம். அங்கிருந்தவர் பொறுமையாக வவுச்சரைத் திருப்பிக் காட்டினார். உங்கள் பாங்காக் ஏஜென்ட் அச்சடித்துக் கொடுத்தது அது. 'அரோமா ஆயில், 45 நிமிடம், 4 பேர்' என்று தெளிவாக இருந்தது. அதாவது, எங்களிடம் 120 நிமிடத்துக்குப் பணம் வாங்கிவிட்டு, அங்கே பதிவு செய்ததே 45 நிமிடத்துக்குத்தான். வவுச்சரைப் படம் எடுத்து வைத்திருக்கிறோம். இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

இதைச் சொன்னபோது உங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில்: "மசாஜ்னா மசாஜ்தானே மேடம், ஆயில் போட்டா இன்னும் ரிலாக்ஸா இருக்குமே!"

இல்லை. இரண்டும் வேறு. நுவாட் தாய்க்கு எண்ணெய் கிடையாது. தொளதொளப்பான பருத்திச் சட்டையும் கால்சட்டையும் கொடுத்து, தரையில் விரித்த மெத்தையில் படுக்க வைப்பார்கள். பாதத்தில் தொடங்கி, கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை என்று மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே மேலே வருவார்கள். கையையும் காலையும் மடக்கி, இழுத்து, முறுக்கி விடுவார்கள். அவசரமாகச் செய்கிற வேலையே இல்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மறுநாள் வாட் போ கோயிலுக்குப் போனபோது, அங்கேயே இருக்கும் மசாஜ் மண்டபத்தில் கைக்காசு போட்டுச் செய்துகொண்டோம். 1955-இலிருந்து அங்கே இதற்கென்று பள்ளியே நடக்கிறது. உடம்பில் எந்தக் கோட்டில் எங்கே அழுத்த வேண்டும் என்று மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் கல்லில் வெட்டிய படங்கள் கோயிலில் இன்றைக்கும் இருக்கின்றன. அங்கே ஒத்தடம் கொடுத்த அம்மாள், ஆவிப் பானையிலிருந்து பொட்டலத்தை எடுத்ததும் முதலில் தன் முன்கையில் வைத்துச் சூடு பார்த்தார். அப்புறம்தான் தோழியின் முட்டியில் லேசாகத் தட்டித் தட்டி, சூடு குறையக் குறைய அழுத்தி வைத்தார். எலுமிச்சைப்புல், மஞ்சள், கற்பூரம், ப்ளாய் என்று அவர்கள் சொல்கிற இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு, எல்லாம் கலந்த வாசனை. அன்றைக்குப் படியேறும்போது தோழி கைப்பிடியைத் தேடவில்லை. நீங்கள் விற்றது இதைத்தான். கொடுத்தது வேறு.

அடுத்தது சாப்பாடு. எங்களுக்கு அதிகம் கோபம் வந்தது இதில்தான். 'ஏசியன் ஃபுட் டிரெயில்: யாவரத் சாலையில் மாலை நடை, வழிகாட்டியுடன், குறைந்தது ஆறு கடைகளில் சுவைத்தல்' என்று போட்டு, பக்கத்திலேயே தொம் யம் குங் என்கிற இறால் சூப்பின் படமும் போட்டிருக்கிறீர்கள். தலைக்கு ₹3,200. யாவரத் என்பது பாங்காக்கின் சீனர் தெரு. இருட்டினால்தான் அந்தத் தெருவுக்கு உயிரே வரும். சனிக்கிழமை இரவு நாங்கள் பசியை மிச்சம் வைத்துக்கொண்டு வேனில் ஏறினோம். வேன் போய் நின்றது பிரதுனாம் என்கிற வேறொரு பகுதியில், ஒரு வட இந்திய பஃபே ஹாலில். பன்னீர் பட்டர் மசாலா, தால் மக்கனி, ஜீரா ரைஸ், குலாப் ஜாமூன். இவற்றைச் சாப்பிட நாங்கள் தி.நகரைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. வழிகாட்டிப் பெண்ணைக் கேட்டால், இந்தியக் குழு என்றால் இந்தியச் சாப்பாடு, கம்பெனி ஆர்டர் என்றார்.

உங்கள் அலுவலகத்தில் இதற்கு இரண்டு விளக்கம் சொன்னார்கள். ஒன்று, இந்தியாவும் ஆசியாவில்தானே இருக்கிறது என்பது. வேடிக்கைக்குச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று தெரியவில்லை. அதை விட்டுவிடுகிறேன். இரண்டாவது, உங்களில் ஒருவர் சுத்த சைவம், அதனால்தான் மாற்றினோம் என்பது. இதை விட முடியாது. முன்பதிவு செய்த அன்றே எங்கள் தோழி சைவம் என்று எழுதிக் கொடுத்தோம். 'ஜே உணவுக் கடைகள் ஏற்பாடு செய்யப்படும்' என்று நீங்கள் மின்னஞ்சலில் பதில் போட்டீர்கள். ஜே என்றால் தாய்லாந்தில் சுத்த சைவம். தாய்லாந்தில் சைவம் கிடைக்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு விழும், சொம் தம் என்கிற பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் போடுவார்கள், அதெல்லாம் சரி. ஆனால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ஜே என்று போட்ட கடைகள் இருக்கின்றன. அங்கே மீன் சாறு, முட்டை மட்டும் இல்லை, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. நம் வீட்டு விரதச் சமையலை விடக் கறார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு, மெட்ரோ பிடித்து வாட் மங்கோன் நிலையத்தில் இறங்கி, நாங்களே யாவரத் போனோம். இரும்புத் தட்டில் சடசடவென்று பொரிந்த சிப்பி ஆம்லெட், மூக்கில் ஏறுகிற அளவுக்கு மிளகு போட்ட சுருள் நூடுல்ஸ் சூப், தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியோடு மாம்பழம். சைவத் தோழிக்கு ஒரு சந்து முனையில் ஜே கொடி கண்ணில் பட்டது. டோஃபுவும் காளானும் போட்ட நூடுல்ஸ் ஒரு கிண்ணம் சாப்பிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டார். மொழி தெரியாத நான்கு பெண்களால் ஒரே மாலையில் கண்டுபிடிக்க முடிந்ததை, ₹12,800 வாங்கிக்கொண்ட உங்களால் ஏன் செய்ய முடியவில்லை?

ஏன் என்பதற்கான பதில் சனிக்கிழமை காலையிலேயே கிடைத்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. இரவெல்லாம் தூங்காமல் விமானத்தில் வந்து இறங்கிய எங்களை வேன் ஹோட்டலுக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு ரத்தினக்கல் ஷோரூம் வாசலில் இறக்கியது. திட்டத்தில் இப்படி ஒரு இடமே இல்லை. உள்ளே நுழையும்போதே எங்கள் சட்டையில் ஒரு எண் ஒட்டினார்கள். யார் அனுப்பிய கூட்டம் என்று கணக்கு வைக்கத்தானே அந்த எண்? வாங்காமல் வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பாங்காக்கில் ரத்தினக்கல் கடைகளுக்கு இழுத்துப் போகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லி சுற்றுலாப் பயணிகளுக்கு ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே சுற்றுலாக் காவல்துறைக்கு 1155 என்று தனி எண்ணே இருக்கிறது. சாலையில் போகிற டுக்டுக் ஆட்டோக்காரர் இதைச் செய்தால் உஷாராகிவிடலாம். காசு கட்டி நம்பி வந்த கம்பெனியே செய்தால் என்ன செய்வது?

திங்கட்கிழமையும் அதே கதை. காலையில் 'சதுசக் வார இறுதிச் சந்தை' என்று திட்டத்தில் இருந்தது. பெயரிலேயே வார இறுதி இருக்கிறது. சனி, ஞாயிறுதான் அந்தச் சந்தை முழுதாகத் திறந்திருக்கும். கிளம்புவதற்கு முன்பே இதைச் சொல்லிக் கேட்டோம். 'வழிகாட்டி அட்ஜஸ்ட் செய்துகொள்வார்' என்றீர்கள். பூட்டிய ஷட்டர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மிச்ச நேரத்துக்கு வேன் எங்கே போனது தெரியுமா? தோல் பொருள் ஷோரூமுக்கு.

இன்னொன்று, தொகை சின்னதுதான், ஆனால் மனசுக்கு ஒப்பவில்லை. 'தாய்லாந்து வருகை அட்டைக் கட்டணம்' என்று தலைக்கு ₹900 வாங்கியிருக்கிறீர்கள். 2025 மே 1 முதல் கட்டாயமான அந்த டிஜிட்டல் அட்டையை, தாய்லாந்து அரசின் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவு செய்யலாம். நிரப்பித் தந்ததற்குச் சேவைக் கட்டணம் என்று போட்டிருந்தால் யோசித்திருப்போம். ரசீதில் இருப்பது 'அரசுக் கட்டணம்'. இல்லாத கட்டணத்துக்கு ரசீது எப்படி? அதோடு, டிசிஎஸ் என்று வருமான வரிக்காக எங்களிடம் பிடித்த தொகை எங்கள் யாருடைய வருமான வரிக் கணக்கிலும் இதுவரை காட்டவில்லை. அதைக் கட்டிய விவரமும் சான்றிதழும் வேண்டும்.

எங்கள் கோரிக்கை இதுதான். ஸ்பாவுக்கு வாங்கிய ₹19,200, உணவு நடைக்கு வாங்கிய ₹12,800, வருகை அட்டைக்கு வாங்கிய ₹3,600, ஆக மொத்தம் ₹35,600-ஐ, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் முன்பதிவு செய்த அதே வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். முக்கால் மணி நேர எண்ணெய் மசாஜும் பஃபே சாப்பாடும் கிடைத்ததே என்று அதில் கழிக்க வேண்டாம். நாங்கள் கேட்காததை நீங்களாகக் கொடுத்தீர்கள், அதற்கு நாங்கள் காசு தர வேண்டியதில்லை. ரத்தினக்கல் கடையில் போன நேரத்துக்கும், பூட்டிய சந்தைக்கும் இப்போதைக்குப் பணம் கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டு ஷோரூம்களும் யார் சொல்லி எங்கள் திட்டத்தில் நுழைந்தன என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சென்னை மாவட்ட ஆணையத்துக்குப் போவோம். நாங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. கட்டிய தொகை ₹5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. அங்கே போனால் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை இரண்டையும் சேர்த்தே கேட்போம், நஷ்டஈட்டோடு. எங்களில் ஒருவர் பணி ஓய்வு பெற்றவர். தேதிக்குத் தேதி வந்து உட்கார அவருக்கு நேரம் இருக்கிறது.

விளம்பரத் தாள், ரசீது, ஜே உணவு பற்றி நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், ஸ்பா வவுச்சர், பஃபே ஹாலின் பெயர்ப் பலகையோடு எடுத்த படம் எல்லாவற்றின் நகலும் இணைத்திருக்கிறேன். பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள், போன் வேண்டாம்.

இப்படிக்கு,
நால்வர் சார்பில்,
முன்பதிவு செய்தவர்