செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், பனியைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சித்திரைத் திருநாள், கோடைச் சுற்றுலா, தீபாவளி விருந்து எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின. செயற்குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை போதிய உறுப்பினர்கள் வராததால் தீர்மானம் எதுவும் எடுக்க முடியவில்லை.

டிசம்பரில் 'ஹோம் அலோன்' என்ற ஆங்கிலப் படத்தைத் திரையிட்டதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 'பழைய குழந்தைப் படத்துக்குச் சங்கப் பணமா?' என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

'ஹோம் அலோன்' நம் சிகாகோ வட்டாரத்துப் படம். கிறிஸ்துமஸுக்குக் குடும்பம் பாரிஸ் போக, தவறுதலாக வீட்டில் தனியே விடுபட்ட சிறுவன் திருடர்களைச் சமாளிக்கும் கதை. அந்தச் செங்கல் வீடு இன்றும் புறநகரான வின்னெட்காவில் நிற்கிறது. செலவு கூடுகிறது என்று வார்னர் பிரதர்ஸ் கைவிட்ட படத்தை ஃபாக்ஸ் நிறுவனம் ஏற்று 1990 நவம்பரில் வெளியிட்டது. அமெரிக்காவில் தொடர்ந்து 12 வாரம் வசூலில் முதலிடம். 2023இல், பாதுகாக்க வேண்டிய படங்களுக்கான அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்துவிட்டார்கள். திருடர்கள் வழுக்கி விழுவதற்காக மட்டும் ஒரு படம் இத்தனை காலம் நிற்குமா? மகனோடு பேச்சில்லாத பக்கத்து வீட்டுப் பெரியவர், பேத்தி பாடுவதைக் கேட்கவே தேவாலயத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். மகனுக்குப் போன் செய்யச் சொல்பவன் அந்த எட்டு வயதுப் பையன். தாயோ மோதிரம், கைக்கடிகாரம், காதணி வரை கொடுத்துப் பாரிஸில் ஒரு விமான இருக்கை வாங்கி, கடைசியில் போல்கா இசைக்குழுவின் வண்டியில் ஏறி வீடு வந்து சேர்கிறாள். பிள்ளைகளையோ பெற்றோரையோ தொலைவில் விட்டுவந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. திருடன் வெறுங்காலோடு கண்ணாடி அலங்காரக் குண்டுகளை மிதித்தபோது அவர் தம் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். தாயும் பிள்ளையும் கட்டிக்கொண்டபோது முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அந்த ஒரு மாலைக்காக நான் இரண்டு மாதம் அலைந்தது வீண்போகவில்லை.

ஆனால் வருவதாகப் பெயர் கொடுத்தவை 26 குடும்பங்கள், வந்தவை 11. வராதவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு தட்டு சமோசா மிஞ்சியது. நாற்காலிகளைப் போட்டதும் மடித்ததும் நானும் பொருளாளரும்தான்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் பார்க்கலாம். திரையிடும் உரிமைக் கட்டணத்தில் ஒரு பகுதி என் கையிலிருந்து போனது. அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. சந்தாவைத்தான் கேட்கிறேன். பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் இரண்டு ஆண்டாகக் கட்டவில்லை.

சமையலுக்கும் ஒலிபெருக்கிக்கும் உதவியவர்களுக்கும், அரங்கம் தந்த நூலகத்தாருக்கும் நன்றி.

வரும் டிசம்பரிலும் இதே படத்தைத் திரையிட வேண்டும் என்பது என் விருப்பம். செப்டம்பருக்குள் முன்பணம் கட்டாவிட்டால் சனிக்கிழமை மாலைக்கு அரங்கம் கிடைக்காது. செயலாளர் பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் புரொஜெக்டரையும் கோப்புகளையும் இன்றே ஒப்படைக்கத் தயார். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு கதவருகே உட்கார்ந்திருக்கிறார்.