தயாராகாமல் வருகிறவர்கள் அல்ல நாங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கு வரும் நோயாளிகள் பலர் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் வந்து நின்றுவிட்டு, பிறகு ஆஸ்பத்திரி அலைக்கழிக்கிறது என்று குறை சொல்வதாக ஒரு வரி இருந்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாமல் இருப்பது என்று கட்டுரையில் சொன்ன மற்றதெல்லாம் சரிதான். அந்த ஒரு வரியை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. எழுதியவர் தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறி, கேரள எல்லையான குமுளி வரை ஒரு தடவை வந்திருந்தால் அப்படி எழுத மனம் வந்திருக்காது.

என் அக்கா கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் போய்ப் போய் ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது. முதலில் ரத்தம் ஊறட்டும், அப்புறம் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். இரும்புச்சத்து ஊசி, ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, மயக்க டாக்டரின் கையெழுத்து எல்லாம் முடித்து, கீழே தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் 2021 மே மாதம் தேதி வாங்கினோம். அப்போது கொரோனாவின் இரண்டாவது அலை. தள்ளிவைத்தார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. மூச்சுக்குத் தவிக்கிறவருக்குத்தான் கட்டிலும் ஆக்சிஜனும் முதலில் போக வேண்டும்.

ஆனால் 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வர, 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் கொரோனா டெஸ்டில் நெகட்டிவ் சான்று வேண்டும், இல்லையென்றால் இரண்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும் என்று விதி வந்தது. அக்காவுக்கு ஒரு ஊசிதான் ஆகியிருந்தது. கோவிஷீல்டுக்கு 84 நாள் இடைவெளி என்று அரசே வைத்திருந்தபோது இரண்டாவது ஊசிக்கு எங்கே போவது? சரி, டெஸ்ட் எடுக்கலாம் என்றால், சளி மாதிரி கொடுத்த நேரத்திலிருந்தே மணி ஓட ஆரம்பித்துவிடுகிறது. ரிசல்ட் கைக்கு வருவதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. லயத்துக்குள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள், சிக்னல் கிடையாது. மெசேஜ் வந்ததா என்று பார்க்க மேட்டுக்கு ஏற வேண்டும். செக்போஸ்ட்டில் அந்தச் சான்றைக் காட்டி இறங்கி வந்தால், அது வெளி லேப், எங்கள் லேபில் மறுபடி எடுங்கள் என்கிறது ஆஸ்பத்திரி. கூட இருக்கப் போகும் எனக்கும் அதே இரண்டு டெஸ்ட். தனியார் லேபில் 500 ரூபாய் என்று 2021-ல் கேரள அரசு குறைத்தது நல்ல காரியம். ஆனால் தோட்டத்தில் நாள் கூலியே அப்போது 400 ரூபாயை ஒட்டித்தான் இருந்தது.

ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவரச் சொன்னார்கள். லயத்துப் பையன்கள் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர்கள். ஆனால் தடுப்பூசி போட்டு 14 நாள் ஆகாதவர் கொடுக்கக் கூடாது, போடாதவர் சான்றில்லாமல் எல்லை தாண்டக் கூடாது என்று விதி இருந்தது. யாரைத்தான் கூட்டிப்போவது? இதையெல்லாம் ஒழுங்கு செய்து முடித்த நேரத்தில், மயக்க டாக்டர் அன்று இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று போன் வந்தது. ஆபரேஷன் தேதி மாறுவது அவர்களுக்கு நோட்டில் ஒரு அடித்தல். எங்களுக்கு எடுத்த டெஸ்டெல்லாம் வீண், அக்காவின் உடம்பில் ஊறிய ரத்தமும் இன்னொரு மாதவிலக்கோடு போய்விட்டது.

கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். உள்வலியை விவரித்துச் சொல்லும் அளவுக்கு அக்காவுக்கு மலையாளம் வராது. கம்பத்தில் சின்னம்மா வீடு இருக்கிறது, தையல் ஆறும் வரை படுத்திருக்க. எங்கள் பீருமேடு தாலுகா ஜனங்கள் தேனி, மதுரை என்று வைத்தியத்துக்கு இறங்குவது இன்று நேற்றைய பழக்கம் இல்லை. 1956 நவம்பர் 1-ல் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு சேர்ந்தன. ஆனால் எங்கள் சொந்தபந்தம் கீழே தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் குமுளி வழி அடைபட்டபோதும் மருந்துக்கும் மாத்திரைக்கும் தவித்தவர்கள் நாங்கள்தான். அப்போது உங்கள் பத்திரிகை அணையின் நீர்மட்டத்தைத் தினமும் போட்டது. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயத்தோடு 70 பேர் போனபோது எங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். அதற்கு நன்றி உண்டு. ஆனால் உயிரோடு இருக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியைப் பற்றி ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது வந்த ஒரு வரியும் எங்களைக் குற்றம் சொல்கிறது.

2021 ஆகஸ்டிலும் இரு மாநில பஸ்ஸும் எல்லை தாண்டவில்லை. குமுளியில் இறங்கி, நடந்து கடந்து, அந்தப் பக்கம் வேறு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. வயிற்றில் தையலோடு திரும்பும் பெண்ணும் அப்படித்தான் நடக்க வேண்டியிருந்தது, அதற்கு முன் கேரள அரசின் கோவிட் ஜாக்ரதா இணையதளத்தில் பதிவும் செய்திருக்க வேண்டியிருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆபரேஷனுக்கு எல்லை தாண்டுகிறவர்கள் இந்த வாரம் என்னென்ன சான்று வைத்திருக்க வேண்டும், கூட வருகிறவருக்கும் ரத்தம் கொடுப்பவருக்கும் என்ன விதி என்று இரு பக்க அதிகாரிகளிடமும் கேட்டு, வாராவாரம் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். செக்போஸ்ட்டுக்கு எடுத்த டெஸ்டையே ஆஸ்பத்திரியும் ஏற்கலாமா என்பதையும் உங்கள் தேனி நிருபர் சுகாதாரத் துறையில் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும். அக்காவுக்கு அடுத்த தேதி இந்த மாதக் கடைசியில். அதற்கு முந்தைய இதழில் வந்தால் எங்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
எஸ்டேட் பள்ளி ஆசிரியை ஒருவர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.
ஆகஸ்ட் 2021.